அடிக்குறிப்பு பதினான்கு

சாப்பாட்டுக்குப் பிறகான பீரியட்.
குடியாத்தத்தில் ஜூன் பிறந்தும்
மின்விசிறி வெயிலைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.
ஐந்தாம் அங்கம், கடைசிக் காட்சி:
ராஜாவின் தலையைத் தனியே கொண்டுவருகிறார்கள் என்றேன்.
சீமையில் நானூறு வருடமாய் மூச்சடைத்துப்போகும் இடம்.
டில்லிபாபு கொட்டாவியைப் பாதியில் நிறுத்திக் கேட்டான்:
"எப்ப சார் ஒட்ட வைப்பாங்க?"

வகுப்பு சிரித்தது.
கரூர்க்காரனான எனக்குத்தான் நேரமானது.
வைகாசி முதல் நாள் இவர்கள் ஊரில்
அம்மன் சிரசு தெருத்தெருவாய் வரும்,
வழியெல்லாம் தேங்காய் சிதறும்,
உடலில் பொருத்தியதும் கண் திறக்கும்.
இங்கே தலை வந்தால் திருவிழா.

ஒட்டவே மாட்டார்கள் என்றேன்.
"அப்ப எதுக்கு சார் காட்டறாங்க?"
துன்பியல் என்று பலகையில் எழுதி
அடியில் கோடு போட்டேன்,
பதில் சொல்லிவிட்டவன் மாதிரி.

அடுத்து ஆய்வுக் கட்டுரை. எட்டுப் பக்கம்.
நாயகன் விழுந்தது எந்தப் பிழையால்?
ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும்.
'சொன்னாங்க' செல்லாது.
யார், எப்போது, எந்தப் பக்கம்.
ஆதாரமில்லாத வாக்கியம் ஊடையில்லாத பாவு என்றேன்.
தறிக்காரர் பிள்ளைகள் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

ஆறு கட்டுரைகள் ஒரே இணையப் பக்கத்திலிருந்து வந்தன,
'மேலும் படிக்க' என்ற வரி உட்பட.
கவுஸ் பாஷா எழுதியிருந்தான்: பேராசை பெருநஷ்டம்.
ஆதாரம்: எல்லாருக்கும் தெரியும்.

யுவஸ்ரீயின் கட்டுரையில் ராஜாவே இல்லை.
நாயகன் தீபாவளிச் சீட்டு முகவர்.
மாதம் ஐந்நூறு, அறுபத்திரண்டு வீடு.
ஐப்பசியில் நாலு கிராம் காசு, பித்தளை அண்டா,
பட்டாசுப் பெட்டி ஒன்று.
புரட்டாசியிலேயே கம்பெனியின் ஷட்டர் இறங்கிவிட்டது.
முதல் பிழை: கம்பெனியை நம்பாதவர்களிடம்
'என்னை நம்புங்க' என்றது.
இரண்டாம் பிழை: அதைத் தானும் நம்பியது.

அவள் இங்கிலீஷில் காலங்கள் முட்டிக்கொண்டன.
அப்பா 'இருக்கிறார்' என்று எழுதி, அடித்து,
'இருந்தார்' என்று எழுதி, அதையும் அடித்து.
வட்டம் போடப் போன பேனா
மேலேயே நின்றது.

அடிக்குறிப்பு மூன்று: ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள்.
ஏழு: மாலைப் பத்திரிகை. படத்தில்
இடமிருந்து மூன்றாவதாகத் தெரியும் முதுகு.
பதினொன்று: எங்கள் வீட்டுக் கதவு.
சாணி எறிந்த தடம். கழுவியும் தெரிகிறது.

நாற்பத்தொன்றாம் அடிக்கட்டையில் இருப்பது
என் கையெழுத்து.
அந்தச் சாயங்காலம் அந்தக் கதவுக்கு எதிரே
கடைசி வரிசையில் நானும் நின்றேன்.
எறியவில்லை.
எறிந்தவன் கையைப் பிடிக்கவும் இல்லை.
இதற்கு ஆதாரம் கிடையாது.
அவளுக்குத் தெரியுமா என்பதற்கும் கிடையாது.
ஆனால் அவள் எண்கள் எதிலும் தவறு இல்லை.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி:
பலமநேர் பஸ் ஏறும்போது
அவர் வீட்டில் எதுவும் சொல்லவில்லை.
அதன் தலையில் பொடி எழுத்தில் பதினான்கு.
கீழே தேடினேன்:
அம்மா. நேரில் கேட்டது.
ஞாயிறு இரவு, தறி நின்ற பிறகு.
பதில் இல்லை.

என் கையேட்டில் புத்தகத்துக்கு வடிவம் உண்டு,
பேட்டிக்கு, கடிதத்துக்கு,
தேதியில்லாத துண்டறிக்கைக்குக்கூட உண்டு.
பழக்கத்தில் கை 'ஆதாரம்?' என்று
சிவப்பில் எழுதிவிட்டிருந்தது.
சிவப்பை அழிக்க ரப்பர் இல்லை.

எட்டாம் பக்கம் வெறுமை.
மேஜைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன், தாளைப் பார்த்தபடியே:
"முடிவுரை எங்கம்மா?"

"இன்னும் வரலை சார்."

இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.
விதி அப்படித்தான் இருந்தது.