மறுபடியும் ஒன்று

சென்னை பஸ்ஸில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பயணம் செய்து வந்த பார்சலை
லாரன்ஸ் ரோடு ஜெராக்ஸ் கடையில் வைத்துப் பிரித்தோம்.
கத்தரிக்கோல் அகப்படவில்லை.
தனவேல் வண்டிச் சாவியால் கிழித்தான்.

ஏழு பிரதிகள். வழவழப்புத் தாள். முழு வண்ணம்.
அட்டையில் சாம்பல் கழுகு.
முகமூடி போய் தாடி வந்திருந்தது.
வலது மூலையில்
முந்நூற்றுப் பதினான்கு இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்று.

"ஒண்ணா?" என்றார் கலியமூர்த்தி.
எல்.ஐ.சி.யில் முப்பது வருடம்,
எண்களில் விளையாட மாட்டார்.
"விடாம பிரீமியம் கட்டினவனைப் பார்த்து
பாலிசியே இல்லேங்கிறான் சார்."

சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துத்
தூங்காமல் வந்திருந்த தனவேலுக்குக் கவலை வேறு.
ரசாயனத் தொட்டியில் விழுந்துதானே
கழுகுக்குச் சக்தி வந்தது?
இப்போது வானத்திலிருந்து ஏதோ கல் விழுந்ததாம்.
"தொட்டிய எதுக்குடா எடுத்தான்?
தெனம் அது ஓரமாத்தான் நடக்கிறேன் நான்."

பாசித் பாய் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவர்
நடுப்பக்கத்தை விரித்து மோந்து பார்த்தார்.
பழைய தாளின் வாசனை இல்லை என்று
முகத்தைச் சுளித்துக்கொண்டே
இரண்டு பிரதி எடுத்தார்.
ஒன்று திட்டுவதற்கு,
ஒன்று உறை பிரிக்காமல் வைப்பதற்கு.

நாங்கள் கத்தி முடிப்பதற்குள்
நர்மதா அக்காவின் மகள்
கல்லா ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து
படித்தே முடித்திருந்தாள்.
"செமயா இருக்கு."
"முன்கதை தெரியாம புரிஞ்சுதா பாப்பா?"
"முன்கதையா? அதான் ஒண்ணுன்னு போட்டிருக்கே."

யாரும் பேசவில்லை.
யாருடைய சாதிச் சான்றிதழையோ
மிஷின் மட்டும்
நகல் எடுத்துக்கொண்டே இருந்தது.

சில்வர் பீச்சுக்கு வண்டியை விட்டேன்.
பக்கங்களைக் காற்று என்னைவிட வேகமாகப் படித்தது.
பதினேழாம் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தேன்.
மொட்டைமாடியில் நிற்கிறான் கழுகு.
போனில் அவன் அம்மா:
"எப்பதாம்பா கல்யாணம் பண்ணிப்பே?"

ஒரே ஒரு பலூன்.
தொண்ணூற்றாறாம் இதழில் அவன் கட்டிக்கொண்ட,
இருநூற்று நாற்பதில் சண்டை போட்டுப்
பெட்டியோடு இறங்கிப் போன
வானொலி நிலையத்து மேகலா
இல்லை.
அவள் போனதும் இல்லை.

எவ்வளவு சுத்தமாக முடித்துவிட்டார்கள்.
எனக்கு
மஞ்சக்குப்பம் கோர்ட்டில் பதினோரு வாய்தா ஆனது.
பீரோ யாருக்கு, கிரைண்டர் யாருக்கு,
அவள் அப்பா போட்ட மோதிரம் எங்கே.
கடைசியில் கைக்கு வந்த தீர்ப்பை
அதே லாரன்ஸ் ரோடு கடையில்தான் ஐந்து நகல் எடுத்தேன்.
சுகுமார் காசு வாங்கவில்லை.
அதுதான் அன்றைக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மேகலாவுக்காக ஆசிரியருக்குக் கடிதம் எழுத
மனசுக்குள் இரண்டு வரி ஓடியது.
மூன்றாவது வரியில்
எனக்குக் கழுகின் மேல் பொறாமை என்று தெரிந்துபோய்
நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.
கெடிலம் உள்ளே வந்த வருஷம்
நனைந்து காய்ந்த தொண்ணூற்றாறு
செங்கல் மாதிரி இருக்கிறது.
கல்யாணப் பக்கமும் எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டன.
பிரித்தால் இரண்டும் கிழியும்.
பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.
பாசித் பாய் கேட்டால் சிரிப்பார்.

இரவு பத்தரைக்குக் கலியமூர்த்தி போன்.
மதியம் முழுக்கச் சந்தாவைத் திருப்பிக் கேட்கப்போவதாகச்
சொல்லிக்கொண்டிருந்தவர்.
"அந்தக் கல்லுக்குள்ள என்ன இருக்கும்ங்கிறீங்க?"
தெரியலை சார்.
"ரெண்டாவது எப்ப வருது?"
இருபதாம் தேதி.
"ம்" என்று வைத்துவிட்டார்.

புது இதழை மடியில் வைத்து
அட்டையில் அந்த ஒன்றுக்குப் பக்கத்தில்
பென்சிலால் 314 என்று எழுதினேன்.
மெல்லிசாக.
வேண்டுமென்றால் அழித்துக்கொள்ளலாம்.