நடு ஏரியில் வானொலி

செப்டம்பர் முதல் தேதி
பச்சைத் தொப்பி அணி ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்தது.
மாதம் முடிய இன்னும் ஒரு ராத்திரி.

சாம்ப்ளெய்ன் ஏரியில் கடைசிப் படகு.
ஐந்து கார், ஒரு பால் லாரி.
லாரிக்குள் பிசோனெட், வெர்மான்ட் கரைக்காரன், தலையில் பச்சை.
கதவோரம் சாய்ந்து நிற்பவள் ஆஸ்ட்ராண்டர்,
நியூயார்க் கரையில் கணக்கு டீச்சர், சிவப்பு.
நான் டிக்கெட் கிழிப்பவன்.
பிழைப்புக்கு இரண்டு கரையும் வேண்டும்.
எனவே வெறுந்தலை.

"மேனேஜரைத் துரத்தணும். தோள் செத்த பையனை
எட்டாவது இன்னிங்ஸிலும் எறிய விட்டான்."
"தோள் ஆகஸ்டிலேயே செத்தாச்சு.
நீங்கதான் கைதட்டிக்கிட்டு இருந்தீங்க."
"ஷார்ட்ஸ்டாப் காலுக்கு நடுவே ஒரு பந்து போச்சே,
அன்னிக்கு ஆரம்பிச்சது."
"அது ஒரே ஒரு பந்து."
"விளக்கு கண்ணுல அடிச்சது. அந்த மைதானமே ஒரு பக்கம் சரிவு."
கூடம் கோணல்,
நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

முன்கண்ணாடியில் படிந்த பனியில்
விரலால் இரண்டு அச்சு வரைந்தாள்.
"இருபத்தேழு ஆட்டம். இருபது தோல்வி.
இது விபத்தில்லை பிசோனெட், சாய்வுக்கோடு."
கோடு வைப்பர் வரை இறங்கி நின்றது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடையும், தெரியும்.
இருபது ராத்திரி
நின்று நிதானமாய் உடைந்த தாழியை
யார் கண்டது?

அப்போது ரேடியோவில் ஒன்பதாவது இன்னிங்ஸ்.
ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட்.
இரண்டாம் தளத்தில் ஒருவன்,
மட்டையோடு அந்த ஷார்ட்ஸ்டாப்.
எறிபவன் நிமிர்ந்தான், கையைத் தூக்கினான்,
படகு ஏரியின் நடுவுக்கு வந்தது.
இரைச்சல்.
அடுப்பில் வறுபடும் அரிசி மாதிரி.

பிசோனெட் குமிழைத் திருகினான், ரேடியோவைக் குத்தினான்,
என்னைப் பார்த்தான், நான்தான் ஏரியை வெட்டி வைத்ததுபோல.
டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.
பையைத் தரையில் வைத்தாள்.
லாரிப் படியில் ஏறி ஆன்டெனாவைப் பிடித்தாள்
ஒரு கையால்.
மறு கையை, சிவப்புத் தொப்பியோடு சேர்த்து,
வெர்மான்ட் பக்கம் நீட்டினாள்.
காற்று குளிர்.
"இப்போ?" "இல்லை." "இப்போ?"
ஒரு சொல் வந்தது, "உயரமாக" என்று.
அதற்குமேல் வரவில்லை.

பிறகு தெளிவாக ஒரு குரல். எதிர்க்கரை ஸ்டேஷன்.
ஸ்கோர் சொல்லவில்லை, வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
சிரிப்பு போதுமானதாக இருந்தது.

அவள் படியிலிருந்து இறங்கினாள்.
ஜூலையிலேயே கரைந்துபோன அணி அவளுடையது.
இந்த இரவுக்காகத்தான் மூன்று மாதம்
தொப்பியைக் கழற்றாமல் இருந்தாள்.
சிரித்திருக்கலாம்.

படகு கரை தொட்டது. பலகையை இறக்கினேன்.
பிசோனெட் சாவியைத் திருப்பவில்லை.
"அந்த ஒரு பந்து மட்டும் போகாம இருந்திருந்தா..."
"ஆமா," என்றாள் கணக்கு டீச்சர்,
"அந்த ஒரு பந்துதான்."
சிவப்புத் தொப்பிக்குக் கீழே
ஒரு பச்சைப் பொய்.

பின்னால் ஐந்து காரும் ஹாரன் அடித்தன.