புலி இல்லை என்பதற்கான ஆணை

கோத்தகிரி தாலுகா ஆபீசில்
அதைத் தட்டச்சு செய்தவன் நான்தான்:
"கெங்கரைச் சரிவில் புலி இல்லை.
உண்டெனப் பரப்புவோர் மீது வழக்கு."

பதினான்கு இரவு கேமரா வைத்தார்கள்.
கடமான் வந்தது. காட்டெருமை வந்தது.
ஒருமுறை,
பேட்டரி மாற்ற வந்த வாட்சரின் மூக்கு.
ஆகவே ஆணை உண்மைதான்,
ஓர் எழுத்துப்பிழை நீங்கலாக.

கொழுந்து பறிக்கும் அருளாயியை
விசாரணைக்கு வரச்சொன்னோம்.
கண்ணால் பார்த்தாயா?
"மஞ்சுக்குள்ள ரெண்டு வெளிச்சம் பாத்தேன் சார்.
மிச்சத்த நானாத்தான் சேத்துக்கிட்டேன்."

தாசில்தார் பேனாவை மூடினார், திறந்தார்.
பதினான்கு படங்களோடு
நாங்கள் சேர்த்துக்கொண்ட மிச்சம்
முத்திரை காயாமல் மேஜையில் கிடந்தது.

அவள் சொன்னது பொய்யாகவே இருக்கலாம்.
ஐந்நூறு வாங்கி ரசீது போடும்போது
'எதன்பொருட்டு' என்ற கட்டத்தில்
எழுத வார்த்தை கிடைக்கவில்லை.
'மஞ்சு' என்று எழுதி
அடித்தேன்.

கடைசி பஸ் போய்விட்டது.
தேயிலைக்கு நடுவே இறங்குகிறேன்.
சட்டைப்பையில் ஆணையின் நகல்,
கையில் காலி டிபன் பாக்ஸ்,
உள்ளே ஒரு ஸ்பூன்.
ஆட்டிக்கொண்டே நடக்கிறேன்,
வளைவுகளில் கொஞ்சம் பலமாக.