கையை எடுக்கலாம்

"மரப்பாலம் தாண்டியாச்சு" என்று போன் வந்தது.
கேத் லேப் கதவைத் திறந்து வைத்தேன்.

கடலூர் துறைமுகம், சோனங்குப்பம்.
தேசிங்கு, வயது முப்பத்தொன்று.
இழுவலை விஞ்சில் இரும்புக் கயிறு அறுந்து
பிரிந்த ஒரு புரி
இடது தொடைக்குள் போய் வந்திருக்கிறது.
போன இடம் சுண்டைக்காய் அளவு.
லுங்கியில் உலர்ந்த இடமே இல்லை.
ஆம்புலன்ஸ் பையன் அழுத்திய இடத்தில்
அவன் கையை எடுக்க, நான் கையை வைத்தேன்.
நடுவே ஒரு நொடி இருந்தது.
அந்த நொடிக்கு
என் மூக்குக் கண்ணாடி சாட்சி.

அதற்கப்புறம் ஐம்பத்து மூன்று நிமிடம்.

ஆறு மில்லிமீட்டர் எங்களிடம் இல்லை.
எட்டு இருந்தது. ஐந்து இருந்தது.
ஆறு, கனகசெட்டிக்குளத்தில்
வேறொரு ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்தது.
லூர்துராஜ் பைக்கில் வாங்கி வருகிறான்.
சனிக்கிழமை சாயங்காலம்.
கடல் பார்க்க வந்த சென்னைக் கார்களெல்லாம்
அவனுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன.

டாக்டர் இளந்திரையன் வலது தொடையிடுக்கில் நுழைந்து
வயிற்றில் பெருங்குழாய் கிளை பிரியும் இடத்தில் திரும்பி
இடது பக்கம் இறங்கினார்.
திரையில் முதலில் தெரிந்தது ரத்தக்குழாய் இல்லை.
என் கை.
ஐந்து விரல் எலும்பும் சாம்பல் நிறத்தில்
யாருடையதோ போல.

"ரெண்டு செகண்ட் விடுங்க, மதலேன்."
விட்டேன்.
சாய மருந்து ஓடி வந்து
நடுத்தொடையில் வழி தவறிக்
கறுப்பாகப் பொங்கியது,
மிரண்ட கணவாய் கக்குமே, அப்படி.
"புடிங்க."
பிடித்தேன். கோடு நின்றது.

தேசிங்கு விழித்திருந்தான்.
"சிஸ்டர், காலு இருக்கா?"
"இருக்கு. என் கையிலதான் இருக்கு."
"உட்றாதீங்க."

டாக்டர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்:
"சுண்டுவிரல் எப்ப உடைஞ்சது?"
யாருக்கு என்றேன்.
"உங்களுக்குத்தான்."

இரண்டாம் கணுவுக்குக் கீழே ஒரு புடைப்பு,
கோணலாகக் கூடிப்போன எலும்பு.
ஏழாம் வகுப்பு, கோ-கோ, கம்பத்தில் மோதியது.
சுளுக்கு என்று மஞ்சள் பற்றுப் போட்டார்கள்.
வலிக்கிறது என்றால்
பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிப்பு என்றார்கள்.
இருபத்தாறு வருடம் கழித்து
ஒருவன் தொடைமேல் கையை வைத்துக்கொண்டு
நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

எலும்புக்குப் பொறுமை உண்டு,
கோணலாகவாவது கூடிக்கொள்ளும்.
இது அப்படியில்லை. விட்டால் போய்விடும்.

லூர்துராஜ் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெட்டியை நீட்டினான்.
உள்ளே வாழைக்குருத்து மாதிரி சுருண்டிருந்தது:
கம்பி வலை, அதைச் சுற்றி டெப்லான் துணி.
ஓட்டைக்கு மேலே ஒரு விரற்கடை,
கீழே ஒரு விரற்கடை விட்டு
டாக்டர் மெல்ல உறையை இழுக்க,
குழாய்க்குள் ஒரு குழாய் விரிந்தது.

"துரு புடிக்குமா சார்?
உப்புத் தண்ணில எறங்குற ஆளு நானு."
"ரத்தமும் உப்புதான்யா. புடிக்காது."

"கையை எடுக்கலாம்."
எடுக்கவில்லை.
"மதலேன். கையை எடுக்கலாம்."
விரல்கள் கேட்கவில்லை.
ஒவ்வொன்றாக அவரே பிரித்தார்,
சுண்டுவிரலைக் கடைசியாக.

மருந்து வந்தது. பொங்கவில்லை.
என் விரல்கள் இருந்த இடத்தைத் தாண்டி
முழங்காலுக்குப் போனது.
யாரும் கைதட்டவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூர்துராஜ்
ஆறு விரலைக் காட்டி, சரிதானே என்று சைகையில் கேட்டான்.
பாதத்தைத் தொட்டேன். இன்னும் சில்லென்றுதான்.
பெருவிரல் மட்டும் முதலில் சுட ஆரம்பித்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் நின்று
அம்மாவுக்குப் போன் செய்தேன்.
"அன்னைக்கு அது சுளுக்கு இல்லம்மா. உடைஞ்சிருக்கு."
"எது?" என்றாள்.
சொன்னேன்.
"சாப்ட்டியா?" என்றாள், கொஞ்ச நேரம் கழித்து.

சாவியைத் திருப்ப வலது கை மறுத்தது.
இடது கையால் திருப்பினேன்.