முப்பத்தொன்று, எட்டு

ஜெனோவாவின் செய்தித்தாள்களுக்கு
இரண்டு எண்கள் போதும்.
ஹாலந்தில் முப்பத்தொரு கோல்,
இங்கே எட்டு.
நடுவில் ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே
ஷெர்வின் லான்ட்வெல்டின் குனிந்த தலை.

மீட்டரிலிருந்து லிட்டரைக் கழிக்கிறார்கள்.

நான் ஓர்னெல்லா. அணிக்குத் தசை பிடித்துவிடுகிறவள்.
பதினாறு வருடமாக இதே மேசை,
இதே கற்பூர எண்ணெய் வாசம்.
என்னிடம் வருவது முதுகும் தொடையும்தான்.
எந்த லீக்கில் ஆடிவிட்டு வருகிறான் என்று
பாஸ்போர்ட் பார்க்காமல் சொல்லிவிடுவேன்.

டெக்லன் ஸ்க்ரோப் இங்கிலாந்திலிருந்து வந்தான்.
மூன்றாம் விலா உடைந்து கூடியிருந்தது,
புருவத்தில் ஏழு தையல்.
அங்கே மோதுவார்கள், பிறகு
கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள்.
மோதலைவிட அந்தக் கைதான் வலித்தது என்பான்.

செவில்லிலிருந்து வந்த இன்யாகிக்குக்
கணுக்கால் மட்டும் வேறு நிறம்.
நடுக்கோட்டருகே, அவன் திரும்பும் முன்,
ஒரு தட்டு. மன்னிப்பு. இன்னொரு தட்டு.
தனித்தனியாகப் பார்த்தால்
எதுவும் குற்றமில்லை.
மரங்கொத்தியை யார் கைது செய்வது?

ஷெர்வின் முதல்முறை படுத்தபோது
உடம்பில் ஒன்றுமே இல்லை.
முழங்காலில் புல் சிராய்ப்பு,
கழுத்து வெண்ணெய்.
அவன் ஆடிவந்த ஊரில்
தடுக்கிறவர்களுக்கும் பந்தாட ஆசையாம்,
பாதி மைதானம் ஏறிவந்து நிற்பார்களாம்.
முதுகுக்குப் பின்னே நாற்பது மீட்டர்
கதவைப் பூட்டாமல்
கல்யாணத்துக்குப் போன வீடு மாதிரி.
"உள்ளே போனேன், எடுத்தேன்" என்றான்,
திருடனின் கூச்சம்கூட இல்லாமல்.

ஆறு வாரம் கழிந்தது.
இப்போதும் காயமில்லை.
இடது இடுப்பின்மேல் மட்டும்
நகம் பதிந்த நான்கு பிறைகள்.
நடுவருக்கு எப்போதும் மறுபக்கம்தான் தெரியும்.
கழுத்தில் கை வைத்தேன்: கருங்கல்.

யாரும் உதைக்கவில்லையா?
"இல்லை, ஓர்னெல்லா.
நான் போகிற இடத்தில்
எனக்கு முன்பே நிற்கிறார்கள்."

பெர்கமோவில் சவேரியோ காந்தோனி என்றொருவன்,
முப்பத்தாறு வயது,
ஓடினால் பேருந்தைத் தவறவிடுவான்.
ஆட்டம் முழுக்க இவன் காதருகே
மெல்ல விசாரித்துக்கொண்டே இருந்தானாம்:
உன் மனைவிக்கு இந்த ஊர் மழை ஒத்துக்கொள்கிறதா?
மகனுக்குப் பள்ளி கிடைத்ததா?
"ஒரே ஒருமுறைதான் பதில் சொன்னேன்.
அதற்குள் பந்து வந்து போயிருந்தது."

அப்புறம்தான் அந்தக் கழுத்து வேலை செய்யத் தொடங்கியது.
வலத்தோள், இடத்தோள், மறுபடி வலத்தோள்.
காப்பிக் கடையில் கோப்பையைத் தூக்கும் முன்பும்
இருபுறமும் பார்க்கிறான் என்று
கடைக்காரி என்னிடம் புகார் சொன்னாள்.

எட்டாவது கோல்
பிப்ரவரி மழையில், லெச்சேயோடு.
தொலைக்காட்சி காட்டியது
கால்நுனி பட்டு உருண்ட ஓர் அசிங்கமான பந்தை.
நான் பார்த்தது அதற்கு முன்னால்.
பந்து வரும்போது
அதைவிட்டு அரையடி விலகிப் போனான்,
அக்கறையே இல்லாதவன்போல.
கூடவே போனது அந்த ஊர்க் கோட்டைச்சுவர்.
பிறகு அவன் மட்டும் திரும்பி வந்தான்.

முப்பத்தொன்றில் ஒன்றாவது
இப்படி இருந்ததா என்று கேட்டேன்.
தூங்கிவிட்டிருந்தான்.
தூக்கத்திலும் வலத்தோள் ஒருமுறை துடித்தது.

கோடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
எட்டுக்கு யார் அவ்வளவு சம்பளம் கொடுப்பார்கள்?

ஆகஸ்டில் முதல் ஆட்டத்திலேயே மூன்று அடித்தான்.
ஜெனோவாவின் தாள்கள்
மூலையில் ஒரு வரி போட்டன: பழைய ஷெர்வின்.
அன்றிரவு போன் வந்தது.
வாழ்த்துச் சொன்னேன்.
கொஞ்சநேரம் காற்றின் இரைச்சல்.

"பெரிய மைதானம், ஓர்னெல்லா.
பின்னால் யாருமே இல்லை.
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்,
யாருமே இல்லை."