இருபத்தேழாம் எண்

ஒட்டுகிறவர்களை அனுப்பிவிட்டார்கள்.
வெட்டுகிறவன் நான்.
என்னை இன்னும் நாற்பது நாள் இருக்கச் சொன்னார்கள்.

கேன்டீன் ஷட்டரில்
‘வியாழன்: முட்டைக் குழம்பு’ தாளுக்குப் பக்கத்தில்
எண்பத்துநாலு டோக்கன் நம்பர்.
பெயர் போடவில்லை.
தங்கலிங்கம் விரல் வைத்து இரண்டு தரம் தேடினான்.
இரண்டு தரமும் இருந்தது.

உலகத்தில் சரக்கு குறைந்துபோச்சாம்.
கப்பல் கேட்டவன்
முன்பணம் போனால் போகட்டும், வேண்டாம் என்று
மெயில் அனுப்பிவிட்டானாம்.
மேனேஜர் சொல்கையில் மைக் கீச்சிட்டது.
“அந்த மெயில எங்களுக்கும் ஒருக்கா காட்டும்வே”
என்றார் பிட்டர் மிக்கேல்.
மேனேஜர் மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

உவரிக்குத் தெற்கே
தேரி மண் பறந்துவந்து ஈரப் பெயிண்டில் அப்பும் யார்டில்
முக்கால் கப்பல் நிற்கிறது.
முகப்பு உண்டு. பின்புறம் இல்லை.
அந்த வழியாகக் கடல் தெரியும்.
மத்தியானம் ஆடுகள் உள்ளே ஏறி நிழலில் படுக்கின்றன.

அதைத்தான் வெட்டுகிறேன்.

ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் பக்கத்தில்
வெல்டிங் போட்டவனின் எண் குத்தியிருக்கும்,
கசிந்தால் யாரைக் கேட்பதென்று தெரிய.
பதினொன்று தங்கலிங்கம். அவசரக்காரன்,
ஓரத்தைக் கொஞ்சம் கடித்திருப்பான்.
இருபத்தேழு கஸ்பார்.
எக்ஸ்ரே எடுக்க வந்தவர் பிலிமை வெயிலில் பிடித்து
“எழுதிக்கிட ஒரு குத்தமும் இல்லியே” என்று
சலித்துக்கொண்டது இதைப் பார்த்துத்தான்.

சூப்பர்வைசர் சாக்பீஸில் கோடு போட்டுப் போனார்.
கோடு நேரே கஸ்பாரின் ஜாயிண்ட் மேலே.
நான் இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி வெட்டினேன்,
பிறகு அந்தப் பக்கம் ஒரு சாண்.
ஏன் என்று கேட்டால் சொல்ல
ஒரு பதில் வைத்திருந்தேன்.
யாரும் கேட்கவில்லை.

முந்தின நாள் மீன் ஏலத்தில் பிரகாசி மதினி
“தம்பி, தண்ணித் தொட்டி மூடி இத்துப்போச்சு,
ஒரு தகடு கெடைக்குமா” என்றிருந்தாள்.
முகத்தைப் பார்த்தேன், கோபமா என்று.
அவள் சாளை விலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோளில் சாக்கு போட்டு அதன்மேல் துண்டைத் தூக்கி
கேட்டுக்கு வந்தால் தராசில் வைக்கச் சொன்னார்கள்.
பதிமூன்று கிலோ. கிலோ முப்பத்துநாலு.
நானூற்று நாற்பத்திரண்டு ரூபாய்க்கு
ஸ்கிராப் என்று எழுதி ரசீது.

கஸ்பார் வீட்டில் இல்லை.
காண்ட்லாவில் ஒரு கம்பெனி
டெஸ்ட் பிளேட் ஒட்டிக் காட்டக் கூப்பிட்டிருக்கிறதாம்.
இருபத்தாறு வருஷ சர்வீஸ், மறுபடி டெஸ்ட்.
“கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டாவ” என்றாள் மதினி.

தகட்டை வாங்கித் தொட்டியின் வாயில் போட்டாள்.
அளவு சரியாகத்தான் இருந்தது.
எண் உள்பக்கம் போய்விட்டது.
திருப்பிப் போடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அதன்மேல்
குடத்தை வைத்துவிட்டாள்.