தலைத்துணி

இத்தாலி, பாரி நகரம், நான்காவது மாடி.
லிப்ட் செப்டம்பரிலிருந்து ஓடவில்லை.
எர்சிலியா அம்மையார் கீழே இறங்கிக்
கடலைப் பார்த்து நான்கு மாதமாகிறது.
நானும்தான், வியாழன் மதியங்கள் நீங்கலாக.

அலமாரிக்கு மேலே வெள்ளையாய் ஒரு கண்,
முட்டையளவு.
அதன் மறுமுனையில், டுரினில், ருஜேரோ.
ஒரே மகன், பல் மருத்துவர்,
நல்ல மனிதர்; கிறிஸ்துமஸுக்குக் கையுறை அனுப்பினார்.
எப்போதாவது மட்டும் கேட்பார்:
"நாலு பத்துக்கு ஏன் போனைப் பார்த்தாய், சியாலா?"

நாலு பத்துக்கு
நான் என் அம்மாவைப் பார்த்தேன்.

ஜார்ஜியாவில், குத்தாயிஸியில், அப்போது ஏழு பத்து.
அங்கேயும் அலமாரிக்கு மேல் ஒரு கண்.
என் முதல் மாதச் சம்பளம் அது.
இரண்டாம் மாதத்திலிருந்து ஏத்தெரிக்குச் சம்பளம்,
அம்மாவுக்கு ஊட்டிவிட, மாத்திரை எண்ண,
இரவில் எழுப்பி உட்காரவைக்க.
ஏத்தெரியின் அம்மாவை யார் பார்க்கிறார்கள் என்று
நான் கேட்டதில்லை. கேட்டால்
அவளுக்கு ஒருத்தி, அந்த ஒருத்திக்கு இன்னொருத்தி என்று
கணக்கு எங்கே போய் நிற்கும்?

எர்சிலியா அம்மையார் நாற்பத்து மூன்று கிலோ.
புரட்டிப் படுக்கவைக்க ஒரு பக்குவம் இருக்கிறது:
முழங்காலை மடக்கி, தோளுக்குக் கை கொடுத்து,
அவர் மூச்சை விடும் நேரம் பார்த்து.
சில நாள் என்னை ரோசல்பா என்பார், சில நாள் திருடி.
இரண்டுக்கும் "வந்தேன்" என்பேன்.

என் அம்மாவின் எடை எனக்குத் தெரியாது.
வியாழன்தோறும் ஸ்டேஷன் பக்கத்தில் வேன் நிற்கும்,
எங்கள் பெண்கள் எல்லோரும் அட்டைப்பெட்டியோடு.
என் பெட்டியில் காபித்தூள், ஆலிவ் எண்ணெய்,
பெரியவர்களுக்கான டயப்பர் ஆறு பொட்டலம்.
போன வருடம் மீடியம். இப்போது ஸ்மால்.
அதை வைத்துத்தான் ஊகிக்கிறேன்.

நேற்று அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து
நேராக என்னைப் பார்த்தாள்.
ஏத்தெரியிடம் ஏதோ சொன்னாள்.
ஏத்தெரி நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள்.
பழுப்புப் பூப்போட்ட தலைத்துணி
மெல்ல இறங்கிற்று.
பிறகு வெறும் இழைகள்.
இழைகளுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம்,
தகர வாளியின் காது விழும் சத்தம்,
அம்மா எதற்கோ சிரிக்கும் சத்தம்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்.
காசு என்னுடையது, கேமரா என்னுடையது,
அம்மா என்னுடையவள்.
போன் போட்டுக் கத்தினேன்.
ஏத்தெரி சொன்னாள்:
"குளிக்கும்போது மகள் பார்க்க வேண்டாமாம்.
நான் பார்க்கலாமாம்.
நான்தான் இங்கே இருக்கிறேனாம்."

அதற்கு மேல் என்ன பேச?
சம்பளம் வெள்ளிக்கிழமை வரும் என்றேன்.

இன்று காலை வெந்நீர், பஞ்சு, சோப்பு.
அம்மையாரின் சட்டைப் பொத்தானில் கைவைத்தபோது
அவர் என்னைப் பார்க்கவில்லை,
அலமாரிக்கு மேலே பார்த்தார்.
எவ்வளவு நாளாய் அங்கே பார்க்கிறார்?
இரண்டு வருடமாய், கூரையைப் பார்க்கிறார் என்றே
நினைத்திருக்கிறேன்.

நாற்காலியை இழுத்தேன்.
துண்டு ஈரமாக இருந்தது, பரவாயில்லை.

டுரின் உடனே அழைத்தது.
போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து
விளிம்புவரை நகர்ந்தது.
என் இரண்டு கையிலும் சோப்பு.
"யார்?" என்றார் அம்மையார்.
"உங்கள் மகன்."
"பொறுக்கச் சொல்" என்றார்,
அடுத்த கையைத் தானாகவே
உயர்த்திக் கொடுத்து.